வலது காதில் கேட்ட ஜாஸ்

இந்த இரண்டு மூன்று வருடங்களில் வந்த ஆல்பங்களில் எதைக் கேட்கலாம் என்று நண்பர்கள் கேட்டால் மூன்றைச் சொல்வேன். ஒன்று சோல், ஒன்று ஜாஸ், ஒன்று ஹிப்ஹாப். மிளகுக்கொடி ஏறுகிற வீட்டில் பிறந்தவன் இதையெல்லாம் பேசுவது அவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ஆல்பங்களின் பெயரை இங்கே எழுத மனம் வரவில்லை. முதல் இரண்டும் இன்னொருவர் எனக்குக் கொடுத்தவை.

அவர் எங்கள் மலை ஆஸ்பத்திரியில் நர்ஸ். தூத்துக்குடிப் பக்கம். நான் அங்கே கம்ப்யூட்டரில் பதிவு போடுகிற தற்காலிக ஊழியன். சனி, ஞாயிறு தேர்வுப் பயிற்சிக்கு நாமக்கல் போவேன். அவர் ஞாயிறு ஆராதனைக்காக அங்கிருந்த சித்தி வீட்டுக்குப் போவார். திங்கள் காலை சேந்தமங்கலத்தில் ஒரே பஸ்ஸைப் பிடிப்போம்.

கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கினால் அவருக்கு வாந்தி வந்துவிடும். பாட்டுக் கேட்டால் வராது என்று போனில் சத்தமாக வைத்தார். கண்டக்டர் வந்து, "ஏனுங்க சிஸ்டர், அதக் கொஞ்சம் உங்க காதுக்குள்ளயே வெச்சுக்குங்க. டிரைவர் தாளம் போட ஆரம்பிச்சுட்டாருங்க" என்றார். அடுத்த வாரம் இயர்போன் வந்தது. ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நான். இடது பக்கத்தைத் தன் காதில் வைத்துக்கொண்டு வலதை என்னிடம் நீட்டினார்.

சோல் ஆல்பம் எனக்கு உடனே பிடித்துவிட்டது. அந்தப் பெண் அவசரமே இல்லாமல், கோபித்துக்கொண்டு போனவரைத் திரும்ப அழைப்பதுபோலப் பாடுவார். சர்ச் பாட்டுக்குழுவில் பாடிப் பழகிய குரல் என்று சிஸ்டர் சொன்னார். அவரும் அப்படிப் பாடியவர்தான். ஜாஸ்தான் பிடிபடவில்லை. டிரம்ஸும் கனமான ஒரு கம்பி வாத்தியமும் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தன. யாரோ வருவதற்காகக் காத்திருப்பதுபோல இருந்தது. ஒருவரும் வரவில்லை.

"அந்த சாக்ஸபோன் கேக்கா? அழுத மாதிரி இருக்குல்லா?" என்றார் அவர்.

எனக்குக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படித்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தானாகப் புரிகிற பல விஷயங்கள் எனக்குத் தாமதமாகத்தான் புரிந்திருக்கின்றன. இதுவும் அப்படியொன்று, காது பழக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"கேக்குதுங்க சிஸ்டர்" என்றேன்.

அதன்பிறகு ஒரு வருடம் அவர் கண்ணை மூடும்போது நானும் மூடினேன். அவர் தலையாட்டிய இடத்தில் ஆட்டினேன். எந்த இடம் ரொம்பப் பிடித்தது என்று கேட்டபோது, கடைசியில் வருவது என்று சொல்லித் தப்பித்தேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். தனக்கும் அதேதான் என்றார். அந்தச் சந்தோஷம் எனக்கு உரியதல்ல என்று அப்போதே உறுத்தியது. பிறகு சொந்த ஜில்லாவுக்கு மாற்றல் கிடைத்துப் போய்விட்டார். அதுவரை நான் உண்மையைச் சொல்லவில்லை.

போன மாதம் சேந்தமங்கலத்தில் ஒரு பாய் கடையில் இயர்போன் வாங்கினேன். இரண்டு பக்கமும் வருகிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளச் சொன்னார். கைக்கு வந்தது, அவர் போன பிறகு நான் போட்டே பார்க்காத அந்த ஜாஸ். வலது காதில் பழைய டிரம்ஸ். பிறகு இடது காதில், நான் ஒருநாளும் கேட்டிராத ஒன்று மெல்ல எழுந்தது. புது ஆல்பம்தான். ஆனாலும் ஏதோ பழைய முறையில், டிரம்ஸை ஒரு பக்கமும் சாக்ஸபோனை மறுபக்கமும் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். சிஸ்டர் சொன்னது சரிதான். அழுதமாதிரியேதான் இருந்தது. ஒரு வருடமாக ஒரு சாண் தூரத்தில், அவர் காதில் மட்டும் ஒலித்திருக்கிறது.

"என்ன தம்பி, ஒரு பக்கம் அவுட்டா?" என்றார் பாய்.

"இல்லீங்க பாய். ரெண்டும் கேக்குதுங்க."

அன்றே சிஸ்டருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பக்கம் வார்டு இரைச்சல்.

"அப்போ ஒரு வருசமா சும்மாவா தலையாட்டுனீங்க?"

சிரித்துவிட்டுத்தான் கேட்டார். ஆனால் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. இப்போது என்ன பாட்டுக் கேட்கிறீர்கள் என்றேன்.

"ஒண்ணும் கேக்கதில்ல. இங்க பஸ்ஸு நேராப் போவுது. வாந்தியும் வரல, பாட்டு ஞாபகமும் வரல."

மூன்றாவது ஆல்பத்தை அவருக்கு அனுப்பியிருக்கிறேன். அந்த ஹிப்ஹாப் நானாகத் தேடிக் கண்டது. கடலோர ஊரொன்றைச் சேர்ந்த ஒருவன் தன் அம்மா கூலிக்குப் போன கதையைப் பேச்சுவாக்கில் சொல்லிக்கொண்டு போகிறான். அகராதி வைத்துக்கொண்டு வரிவரியாகப் புரிந்துகொண்டேன். முழுக்கக் கேட்க முக்கால் மணி நேரம் ஆகும். அவருக்கு எப்போது அந்த நேரம் கிடைக்குமோ, தெரியவில்லை. பதிலும் வரவில்லை. நேற்று ஒரு வரி எழுதிப் போட்டேன்: பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே சொல்லுங்கள் சிஸ்டர், எனக்காகத் தலையாட்ட வேண்டாம்.