திரையில் மலை வைத்தவர்

அவர் சொன்னது உண்மை என்பது அந்தக் கூடத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். "இந்த மலைய நான்தாங்க வெக்கச் சொன்னேன்" என்று அவர் கல்வி அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி புருவத்தை உயர்த்தி என் பக்கம் திரும்பினார். நான் சிரித்தேன். "பாய் நல்லா தமாஷா பேசுவாரு சார்" என்றேன். அதிகாரி சிரித்தார், தலைமையாசிரியர் சிரித்தார், கூடியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் செய்த தவறு ஒரு சிரிப்பும் ஒரு வாக்கியமும்தான். அதை எழுத எனக்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

எண்பதுகளின் நடுவில் நான் செஞ்சியில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்தேன். அப்போதுதான் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று ஓர் அறையை ஒழித்து, ஜன்னலுக்குத் திரை போட்டு, செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்று பலகை மாட்டினார்கள். சாவி என்னிடம் இருந்தது. ஆசிரியர்களைத் தவிர யாரும் தொடக்கூடாது என்பது தலைமையாசிரியரின் கட்டளை. ஆய்வகத்தில் தற்காலிக அட்டெண்டராக இருந்த பாய்க்கு அந்த அறையில் இரண்டே வேலைகள்: காலையில் பெருக்குவது, மாலையில் கம்ப்யூட்டரின் மேல் துணி போர்த்துவது. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஊரில் தலைமுறைகளாக வாழும் முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்.

மெட்ராஸில் சில இளைஞர்கள் சேர்ந்து ஒரு விண்வெளி நிரலை, அதாவது கம்ப்யூட்டர் புரோகிராமை, எழுதி அந்தக் கால வழக்கப்படி கேசட்டில் விற்றார்கள். அதில் ஒன்று எங்கள் பள்ளிக்கும் வந்தது. கேசட் ஐந்தாறு நிமிடங்கள் கிறீச்சிட்டு ஓடி முடிந்ததும் டிவி திரையில் சூரியனும் கோள்களும் புள்ளிகளாக எழும். நாம் ஒரு கலத்தில் ஏறி எங்கே வேண்டுமானாலும் போகலாம். தேதியையும் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் கொடுத்தால் அந்த ஊரின் வானத்தையும் காட்டும். கேசட்டோடு ஒரு படிவம் இருந்தது. அடுத்த பதிப்பில் என்னென்ன சேர்க்கலாம் என்று பயன்படுத்துகிறவர்கள் எழுதி அனுப்பவேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

மாலையில் பள்ளி விட்டபிறகு நான் அந்த அறையில் உட்கார்ந்து நோட்டுகளைத் திருத்துவேன். துணியைக் கையில் பிடித்தபடி பாய் திரையையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஒருநாள், "உக்காந்து ஓட்டிப் பாருங்க பாய்" என்றேன். அதன்பிறகு கலத்தை அவர்தான் ஓட்டினார். நான் ஒரு நோட்டைத் திருத்தி முடிப்பதற்குள் சனிக்கிரகத்தைத் தாண்டியிருப்பார். திரும்பி வரத்தான் வழி தெரியாது. வரவேண்டுமானால் நீளமான எண்களைப் பிழையில்லாமல் அடிக்கவேண்டும். இல்லாவிட்டால் மெஷினை அணைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

"இன்னா சார் இது, போறதுக்கு எல்லாத்துக்கும் வழி வெச்சிக்கிறான், வர்றதுக்கு வெக்கலியே. எங்க இருந்தாலும் ஒரே பட்டன் தட்டுனா ஊட்டுக்கு வந்துடணும். எழுதுங்க சார் அந்த பாரத்துல."

நான் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டேன். அப்படி ஒவ்வொரு மாலையும் ஏதாவது ஒன்று சொல்வார். காலத்தை முன்னால் ஓட்டுவதுபோலப் பின்னாலும் ஓட்ட முடியவேண்டும், பிள்ளைகள் தாங்கள் பிறந்த அன்றைய வானத்தைப் பார்ப்பார்கள் என்றார். வேகத்தைக் கூட்டும்போது திரையின் ஓரத்தில் தேதியும் ஓடவேண்டும், இல்லாவிட்டால் எந்த வருஷத்தில் இருக்கிறோம் என்றே தெரியவில்லை என்றார். நான் படித்தவன். எனக்கு அந்த நிரலில் எந்தக் குறையும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது.

அந்த ஜூன் மாதம் பள்ளி திறந்து சில நாட்களில் ரம்ஜான் இருபத்தொன்பதாம் நோன்பு வந்தது; அன்று மாலை பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். "இன்னிக்குப் பிறை தெரியுமா சார், உங்க மெஷினு இன்னா சொல்லுது?" என்று கேட்டார். நான் செஞ்சியின் எண்களைக் கொடுத்துப் பார்த்தேன். ஏழு இருபது வரை மேற்கு வானத்தில் பிறை இருக்கும் என்று காட்டியது. வழக்கமாகப் பிறை பார்க்க அவர்கள் தெருவிலிருந்து நாலைந்து பேர் ஊருக்கு அருகிலிருக்கும் கிருஷ்ணகிரி மலைமேல் ஏறுவார்கள். அன்று பாய் போய், யாரும் ஏறவேண்டாம், தெருவிலிருந்தே பார்க்கலாம், சார் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டார் என்று சொல்லிவிட்டார். நானும் பெருமையோடு போய் நின்றேன். தெருவே மேற்கே பார்த்து நின்றது. மேகம் கொஞ்சம்கூட இல்லை. ஊருக்கு மேற்கே நிற்கும் ராஜகிரி மலைக்குப் பின்னால் வானம் சிவந்து, பின் வெளிறி, பின் கருத்தது. பிறை வரவில்லை. எட்டரை மணிக்கு அவலூர்பேட்டையிலிருந்து வந்த பஸ்ஸில் இறங்கியவர்கள், அங்கே எல்லோரும் பார்த்துவிட்டார்கள், நாளைக்குப் பெருநாள் என்றார்கள்.

ஒரு பெரியவர் பாயிடம், "இன்னாடா, உன் கம்ப்யூட்டருக்குக் கண்ணு பூத்துப் போச்சா? ஆபரேஷன் பண்ணி கண்ணாடி போட்டு வுடு" என்றார். பாய் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். என் பக்கம் கையைக் காட்டவில்லை.

பெருநாளுக்கு மறுநாள் புதுச்சட்டையோடு வேலைக்கு வந்தார். வந்ததும் வராததுமாக, "சார், தப்பு மெஷினு மேல இல்ல" என்றார். "அதுல பூமி வழவழன்னு இருக்குது. ராஜகிரி எங்க சார்? நம்ம ஊர்ல நிலா ஏழு இருபதுக்கு மறையல. ஏழுக்கு முன்னாடியே மலைக்குப் பின்னால பூடுது."

"அதுக்கு அவங்க இன்னா பாய் பண்ணுவாங்க? ஒவ்வொரு ஊரு மலையையும் வந்து அளப்பாங்களா?"

"அவன் வெக்க வேணாம் சார். நம்ம மலைய பத்தி அவனுக்கு இன்னா தெரியும்? அவங்கவங்க ஊரு மலைய அவங்கவங்களே வெச்சிக்கிற மாதிரி இடம் வுடச் சொல்லுங்க."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதை நான் அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை. அடுத்த ஒரு வாரம் மாலைதோறும் பள்ளி மொட்டை மாடியில் நின்று அவர் மலையை அளந்தார். ஒரு பாகைமானியில் நூல் கட்டி, நூல் நுனியில் கல் கட்டி, மேலே காலிப் பேனாக் குழாயை ஒட்டியிருந்தார். குழாய் வழியாக மலைமுகட்டைப் பார்ப்பார், நூல் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குறிப்பார். கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி, திசையையும் குறித்துக்கொண்டு மறுபடி பார்ப்பார். மேற்கு முழுவதும் இப்படிக் குறித்து வரைபடத் தாளில் புள்ளிகளை இணைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். ராஜகிரியின் உச்சியில் இருக்கும் மண்டபம்கூடத் தெரிந்தது.

படிவத்தை ஆங்கிலத்தில் நான்தான் நிரப்பினேன். கடைசியில் 'ஆலோசனை கூறியவர் பெயர்' என்று ஒரு கோடு இருந்தது. அதில் என் பெயரை எழுதினேன். அவர் பெயரைப் போட்டால் அவர் கம்ப்யூட்டரைத் தொட்டது தலைமையாசிரியருக்குத் தெரிந்துவிடும், வேலை போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் அதற்காகக் கோட்டை வெறுமையாக விட்டிருக்கலாம். என் பெயரை எழுதியது ஆசையால்தான்.

அடுத்த ஆண்டு புதிய பதிப்பு வந்தது. வீட்டுக்குத் திரும்பும் பட்டன் இருந்தது. மலை வைத்துக்கொள்ள இடம் இருந்தது. கையேட்டின் முதல் பக்கத்தில் செஞ்சி ஆசிரியருக்கு நன்றி என்று என் பெயர் அச்சாகியிருந்தது. பாய்க்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் தெரியும். நான் அந்தப் பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டவில்லை. கேசட் ஓடியபின் அவர் தாளிலிருந்த எண்களை நான் அடித்து, திரையில் ராஜகிரி எழுந்தபோது அவர் அதைத் தொட வந்த கையை வழியிலேயே நிறுத்திக்கொண்டார். கண்ணாடியில் விரல் படக்கூடாதாம்.

அதன்பின் நடந்த பள்ளிக் கண்காட்சிக்குத்தான் கல்வி அதிகாரி வந்தார். பாய் தன் மனைவியையும் ஐந்து வயது மகளையும் அழைத்து வந்திருந்தார். மாலையெல்லாம் பள்ளியிலேயே என்ன செய்கிறார் என்று வீட்டில் நெடுநாளாகச் சண்டை. அதற்கு அன்று பதில் காட்ட நினைத்திருந்தார். வேலை போகும் என்ற பயத்தைக்கூட விட்டுவிட்டு அதிகாரியின் முன் வாய் திறந்தார். அப்போதுதான் நான் சிரித்தேன்.

மறுநாளும் அவர் வந்தார். பெருக்கினார், மாலையில் துணி போர்த்தினார், போய்விட்டார். ஏன் சார் அப்படிச் சொன்னீர்கள் என்று அவர் கேட்பார் என்று ஒரு மாதம் காத்திருந்தேன். கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது, அப்போது என்ன செய்திருப்பேனோ தெரியாது. அவர் அந்த நாற்காலியில் மறுபடி உட்காரவே இல்லை. ஊரில் அவருக்கு 'ராக்கெட் பாய்' என்று பெயர் விழுந்தது. டீக்கடையில், "இன்னா ராக்கெட் பாய், நிலாவுக்கு எத்தினி மணிக்கு பஸ்?" என்று கேட்பார்கள். அவர் எந்த விஷயத்தைச் சொன்னாலும் "அதுவும் நீதான் வெச்சியா?" என்பார்கள். இதை நான் என் காதாலேயே கேட்டிருக்கிறேன். கேட்டுக்கொண்டே டீயைக் குடித்திருக்கிறேன்.

அந்தக் கையேட்டைக் காட்டித்தான் எனக்கு மெட்ராஸில் பாடத்திட்ட வேலை கிடைத்தது. நல்ல பதவிகளில் இருந்து ஓய்வு பெற்றேன். எத்தனையோ விண்வெளி நிரல்களை மதிப்பிட்டு அறிக்கை எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் திரையின் முன் உட்கார்ந்ததும், என் தோளுக்குப் பின்னால் துணியோடு ஒருவர் நிற்கவேண்டும் என்று மனம் ஏங்கும். அவர் இருந்தால் இரண்டாவது நிமிடத்தில் குறையைச் சொல்லியிருப்பார். நான் இரண்டு பக்கம் எழுதியும் எதையோ விட்டுவிட்டேன் என்றே தோன்றும். என்னோடு வேலை செய்த அறிவாளிகள் பலர். யாரோடும் அந்த மாலைகளைப் போல ஒரு மாலை எனக்கு வாய்க்கவில்லை.

போன ஆண்டு அவரைத் தேடிப் போனேன். பள்ளி வேலையை விட்டுவிட்டு, மனைவியின் ஊரான அவலூர்பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருந்தாராம். இப்போது கடையை மருமகன் பார்த்துக்கொள்கிறார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, "சாரா, வாங்க சார்" என்றார். உட்கார்ந்ததும், படிவத்தில் என் பெயரை எழுதியதைச் சொல்லிவிட்டேன். அவர் மனைவியும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். இத்தனை காலம் என்னிடமே இருந்த அந்த வரைபடத் தாளையும் நீட்டினேன். அந்த அம்மா வாங்கி, எண்களை வெகுநேரம் பார்த்தார்.

"ஏழு போடுறது இவரு கைதான். குறுக்கால கோடு இழுப்பாரு" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "அன்னிக்கு நீங்க சிரிச்சீங்க. இவரு மூஞ்சியப் பாத்துக்கினே நானும் சிரிச்சிட்டேன் சார்" என்றார்.

பாய், "வுடு, டீ போடு போ" என்றார்.

நான் பத்திரிகையில் எழுதுகிறேன், அந்தக் கேசட் நிறுவனத்தில் இருந்தவர்கள் யார் மிஞ்சியிருந்தாலும் அவர்களுக்கும் எழுதுகிறேன், உங்கள் பெயரைப் போட்டு எழுதுகிறேன் என்றேன். அவர் அவசரமாகக் கையை அசைத்தார்.

"வேணாம் சார். பொண்ணக் கேட்டு வந்தப்ப மாப்ள ஊட்டுக்காரங்க செஞ்சியில போயி விசாரிச்சிட்டாங்க. பொண்ணோட அப்பன் புளுகுமூட்டையாமேன்னு நேராவே கேட்டாங்க. ஆமாங்க, வெளையாட்டுக்குச் சொன்ன பொய்யி, இனிமே பேச மாட்டேன்னு பெரியவங்க முன்னால ஒத்துக்கினேன். அதுக்கப்புறம்தான் கல்யாணமே முடிவாச்சு. இப்பப் போயி அதுதான் நெசம்னா, அப்ப சொன்னது பொய்யின்னு ஆவும். அந்த ஊட்ல அவ பேரப்புள்ளயே எடுத்துட்டா சார்."

"நான் எழுதாம இருந்தா எனக்கு ஆறாது பாய்."

கொஞ்சம் யோசித்தார். "எழுதுங்க. பேரு போடாதீங்க."

பஸ் நிறுத்தம் வரை கூட வந்தார்.  பஸ் தாமதம் என்றோ, நிழற்குடை ஒழுகுகிறது என்றோ, எதையாவது ஒரு குறையை அவர் வாயால் சொல்லக் கேட்கவேண்டும்போல இருந்தது. கையைத் தூக்கி வழியனுப்பினார், அவ்வளவுதான்.

மூன்று வாரம் கழித்து ஒரு போன் வந்தது. அவருடைய மகள். அம்மாவிடமிருந்து எண்ணை வாங்கினாளாம்.

"சார், அந்த மலை எங்க அத்தா வெச்சதுதானா?"

"ஆமாம்மா. அவரேதான்."

"அப்போ எதுக்கு சார் எங்க மாமனார் ஊட்ல பொய்யின்னு ஒத்துக்கினாரு? எத்தினி வருசமா எல்லாரும் கிண்டல் பண்றாங்க, நானே எத்தினி தடவ திட்டியிருக்கேன். அம்மாவக் கேட்டா அழுவுறாங்க. அத்தாகிட்ட கேக்க பயமா இருக்குது."

அவர் ஒத்துக்கொண்டதால்தான் தன் கல்யாணம் முடிவானது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தப் பேச்சு நடந்தபோது அவள் உள்ளறையில் இருந்திருப்பாள். உண்மையைச் சொன்னால் அவர் இத்தனை காலம் சுமந்ததை அவள் தலையில் இறக்கி வைத்ததாகும். சொல்லாவிட்டால் அவர் சும்மா பயந்து ஒத்துக்கொண்டார் என்று நினைப்பாள். அப்படியொரு கெட்ட பெயரை நான் அவருக்கு இரண்டாவது முறை கொடுக்க முடியாது.

"உன் கல்யாணம் நடக்கணும்னு ஒத்துக்கிட்டாரும்மா" என்றேன். "அதுக்குக் காரணம் நீ இல்ல. நான்."

 மறுமுனையில் அவளுடைய பேரக்குழந்தை "நன்னி, யாரு போன்ல?" என்று கேட்பது கேட்டது. "சரிங்க சார்" என்று மெதுவாகச் சொல்லி வைத்துவிட்டாள்.