சிவப்பு அம்பு ஒட்டாத எஞ்சின்

என் வீட்டுக்காரர் குடியை விட்டதை நான் முழுசாக நம்பியதில்லை. விட்டேன் என்று சொன்னவர்களை இந்த ஊரில் நிறையப் பார்த்தாயிற்று. கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்தவர், அடுத்த முகூர்த்தத்தில் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் பாட்டிலோடு நின்றதையும் பார்த்திருக்கிறேன். அதனால் தினமும் சாயந்திரம் அவர் கழற்றிப் போடும் சட்டையை எடுத்து மோந்து பார்ப்பேன். துவைக்கப் போடுகிற சாக்கில்தான். அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

குடியை விட்டவருக்குக் கை சும்மா இருக்காது. அதற்காக அவர் தேடிக்கொண்டதுதான் அந்தக் கார். இரண்டே கதவு, தரையோடு ஒட்டின உடம்பு, ஜப்பானில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். எஞ்சின் எப்போதோ இறுகிப்போயிருந்தது. அதைத் தூக்கிவிட்டு வேறு எஞ்சின் வைக்கப்போவதாகச் சொன்னார். ரோட்டில் ஓட்ட ஆயிரம் அனுமதி வேண்டும், சாமளாபுரம் பக்கம், நம் வீட்டை ஒட்டியிருக்கும் தோட்டத்துப் பாதையில் ஓட்டினால் போதும் என்றார். நான் சம்மதித்தேன். அந்தக் காருக்கடியில் படுத்துக் கிடக்கிற வரை வேறு எங்கேயும் போக மாட்டார் என்பதுதான் காரணம். கார் ஓடாமல் போனால் மனுஷன் மறுபடி எங்கே போய் நிற்பார் என்பதும் எனக்குத் தெரியும்.

ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன். காரை நிறுத்திய கொட்டகைக்கும் எங்கள் பனியன் துணிக் குடோனுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். குடோனில் வெள்ளைத் துணி உருளை உருளையாக அடுக்கியிருக்கும். பனியன் பின்னும் நிட்டிங் மிஷினில் ஊசி வழியாக எண்ணெய் இறங்கினால் போதும், துணி நெடுக ஒரு கோடு விழும், வாங்குகிறவன் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடுவான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து துணியில் பழுது தேடும் செக்கிங்கைப் பார்ப்பது நான்தான். எண்ணெய் என்றாலே எனக்கு ஆகாது.

"எஞ்சினுக்குள்ள இருக்கறது இருக்கட்டுங்க. கொட்டாய்க்குள்ள எண்ணெய் டப்பான்னு ஒண்ணு வரப்படாது" என்றேன்.

"செரி" என்றார். அவ்வளவு சுலபமாகத் தலையாட்டியதே எனக்குச் சரியாகப் படவில்லை.

சாயப்பட்டறை வைத்திருக்கும் அவருடைய சிநேகிதர், சாதாரண பிஸ்டன் எஞ்சின் போதும், உதிரி பாகம் எல்லாக் கடையிலும் கிடைக்கும் என்று சொல்லிப் பார்த்தார். இவர் கேட்கவில்லை. ரோட்டரி எஞ்சின்தான் வேண்டும், அதுவும் டர்போ வைத்தது. அதில் பிஸ்டன் கிடையாதாம். முக்கோணமாக ஓர் இரும்பு, கூட்டுக்குள் சுற்றிக்கொண்டே இருக்குமாம். புகை வெளியேறுகிற வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுழன்று, காற்றை அழுத்தி உள்ளே தள்ளுமாம், அதுதான் டர்போவாம். எடை குறைவு, காரின் மூக்கு கனக்காது. "நம்ம பொழப்பே சுத்தற மிஷின்லதான ஓடுது" என்றார், சாப்பிட்டுக்கொண்டே. குடித்த காலத்தில்தான் அப்படி மளமளவென்று பேசுவார். ரசம் ஊற்றுகிற சாக்கில் கிட்டே குனிந்து பார்த்தேன். ரசம்தான் மணத்தது.

எஞ்சின் பார்க்கக் கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு யார்டுக்குப் போனோம். நானும் வருவேன் என்று பிடிவாதமாக ஏறிக்கொண்டேன். ஜப்பானிலிருந்து கண்டெய்னரில் வந்த எஞ்சின்கள் வரிசையாகக் கிடந்தன. விற்கிற ஆள் வாய்க்கு வாய் "அக்கா" போட்டான். அப்படி உருகுகிறவர்களிடம்தான் நான் நூலைப் பிரித்துப் பார்த்து வாங்குவேன்.

டர்போ வைத்த ரோட்டரி இரண்டு இருந்தன. ஒன்று கரியும் பிசுக்குமாக, பக்கவாட்டில் சன்னக் குழாய்கள் ஓட, அங்கங்கே எண்ணெய் கசிந்திருந்தது. இன்னொன்று கழுவி வைத்த குண்டாப் பாத்திரம்போல் இருந்தது. துணியில் பழுது கண்ட இடத்தில் ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கர் எப்போதும் என் பையில் இருக்கும். எடுத்தேன். முதல் எஞ்சினில் எண்ணெய் தெரிந்த இடமெல்லாம் ஒட்டிக்கொண்டே போனேன். என் வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, அது பழுது இல்லீங்க்கா" என்றான் அந்த ஆள். "ரோட்டரிக்கு உள்ளார எண்ணெய் போகோணும். இல்லீன்னா முக்கோணத்து முனையில இருக்கற சீலு தேஞ்சுரும். அதுக்குத்தான் இந்தக் கொழாய், பம்பு எல்லாம். கொஞ்சங் கொஞ்சமா எண்ணெயச் சேத்து எரிக்கறது இதோட சுபாவமுங்க."

எங்கள் நிட்டிங் மெக்கானிக்கும் இதே பாட்டைத்தான் பாடுவார். எண்ணெய் இறங்கினால் பழுது. அதைச் சுபாவம் என்கிறவனை எப்படி நம்புவது?

"அப்ப அதுல ஏன் கசியல?" என்று இரண்டாவதைக் காட்டினேன்.

"முன்ன வெச்சிருந்தவங்க அந்தப் பம்பக் கழட்டிட்டாங்க. பெட்ரோல் போடறப்ப நீங்களே எண்ணெய் கலந்து ஊத்திக்கோணும்."

"மொபெட்டுக்கு ஊத்தற மாதிரியா?"

"ஆமாங்க்கா."

"நல்லாத்தான் கத உடறீங்க" என்றேன். இத்தனை பெரிய கார் எஞ்சினுக்கு மொபெட் எண்ணெயாம். கேட்கிறவள் கேனச்சி என்று நினைத்துவிட்டான்.

பேட்டரி கட்டிச் சுற்றவிட்டு இரண்டின் அழுத்தத்தையும் பார்த்தார்கள். இரண்டுமே நன்றாக இருப்பதாக என் வீட்டுக்காரர் சொன்னார். அவர் கை முதல் எஞ்சின் மேலேயே இருந்தது.

"அம்பு ஒட்டுன சரக்க நான் பாஸ் பண்ண மாட்டனுங்க" என்றேன்.

அந்தச் சன்னக் குழாய்களைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "செரி, அதையே எடுத்துக்கலாம்" என்று சுத்தமானதைக் காட்டினார். இந்த முறையும் சுலபமாகத்தான் தலையாட்டினார்.

எஞ்சினை உட்கார வைத்து, கார் முதல்முதலாகத் தோட்டத்துப் பாதையில் ஓடியபோது புதுத் துணியை ஒரே இழுப்பில் கிழிப்பதுபோல் சத்தம். அவர் சிரித்துக்கொண்டே இறங்கினார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்து வருஷக் கணக்காகிவிட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காரை எடுக்கும் முன் கொட்டகைக் கதவை உள்ளேயிருந்து சாத்திக்கொள்வார். வெளியே வந்ததும் பனியன் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையையும் தானே அலசிக் காயப்போடுவார். குடித்த டம்ளரைக்கூட நகர்த்தி வைக்காத ஆள். எனக்குப் புரிந்துவிட்டது. சட்டையில் வாசம் பிடிப்பேன் என்று தெரிந்துதான் அலசுகிறார்.

அடுத்த ஞாயிறு காலை அவர் கேனை எடுத்துக்கொண்டு பெட்ரோல் பங்குக்குப் போனதும் கொட்டகைக்குள் நுழைந்தேன். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கினேன். பனியன் வேஸ்ட் துணியில் சுற்றி, ஒரு குவார்ட்டர் பாட்டில். பாதிக்கு மேல் பழுப்பாக ஏதோ இருந்தது. கீழேயே உட்கார்ந்துவிட்டேன். எத்தனை சத்தியம், எத்தனை அழுகை, எல்லாம் இந்தப் பாட்டிலுக்குள் போச்சா? அந்நேரம் எதிரில் இருந்திருந்தால் அந்தப் பாட்டிலாலேயே அவர் மண்டையை உடைத்திருப்பேன்.

மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். மொபெட் எண்ணெய்.

நிமிர்ந்தால், கேனோடு வாசலில் நிற்கிறார்.

"ஏனுங்க, இத எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?" என்றேன்.

"எண்ணெய் ஊத்தலீன்னா எஞ்சின் செத்துரும். ஊத்தோணும்ன்னா நீ உடமாட்டே. அளந்து ஊத்த இந்தப் பாட்டில்தான் தோதா இருந்துச்சு." கேனைக் கீழே வைத்தார். "ஏம்புள்ள, குடிச்சிட்டிருந்தப்ப நான் சொன்ன பொய்யப் பூராவும் நம்புனே. உட்டதுக்கப்பறம் ஒரு நெசத்தக்கூட நம்ப மாட்டேங்கற."

அவர் சட்டையை அலசியது எண்ணெய் வாசம் தெரியாமல் இருக்கத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. எழுந்து போய் அடுப்படியிலிருந்து ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்து வந்தேன். "இதுல அளந்துக்கலாங்க. அந்தப் பாட்டில் மட்டும் இந்த ஊட்ல வேண்டாம்" என்றேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணெயை அளந்து கேனில் ஊற்றுவது நான்தான். கொட்டகைக் கதவு திறந்தே இருக்கிறது. ஊற்றும் முன் கிண்ணத்தை ஒரு தரம் மோந்து பார்த்துக்கொள்கிறேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.