தூள் கம்பி

அப்பா போன மாதம் காலமானார். கடை மேஜைக்கு அந்தப் பக்கம் அவருடைய முக்காலி இருக்கிறது. அதில் இன்னும் யாரும் உட்காரவில்லை.

ஊரில் அவருக்குப் பேட்டரி நயினார் என்று பெயர். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் லாரி பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் கடை வைத்திருந்தார். அவரிடம் முழு வேட்டி ஒன்றுகூடக் கிடையாது. ஆசிட் தெறித்து எல்லாம் ஓட்டை.

சண்டை முடிந்த மறு வருஷம், நாற்பத்தாறில், நான் பட்டாளத்திலிருந்து திரும்பினேன். அங்கே வயர்லெஸ் மெக்கானிக்காக இருந்தேன். வந்த அன்றே, சாப்பிட்ட கை காய்வதற்குள் அப்பா என்னைக் கடைக்கு இழுத்துப் போனார்.

மேஜையில் மிலிட்டரி ஏலத்தில் எடுத்த, கம்பி சுற்றிய மோட்டார் காயில் ஒன்று இருந்தது. அதோடு ஒரு பேட்டரி. மின்சார மணியில் இருப்பதுபோல் தானே சேர்ந்து தானே பிரியும் பாயிண்ட். ஸ்விட்சைப் போட்டார். பாயிண்ட் வண்டு மாதிரி இரைந்தது. பிரியும் இடத்தில் நீலப் பொறி விடாமல் தெறித்தது.

"பாத்தியாலே, எவ்வளவு வீணாப் போகுது!"

காயிலில் ஓடும் மின்சாரத்தைச் சட்டென்று நிறுத்தினால் காயில் சும்மா இருக்காது. ஒரு கணம், பேட்டரியைப்போலப் பல மடங்கு வோல்ட்டில் எதிர்த்து உதைக்கும். அந்த உதைதான் பொறி. அப்பா அந்த உதையைப் பிடித்து, ஒரே திசையில் மட்டும் விடும் ரெக்டிபயர் வழியாக அனுப்பி, கண்டன்சரில் தேக்கி, இரண்டாவது பேட்டரி ஒன்றில் ஏற்றிக்கொண்டிருந்தார். முதல் பேட்டரி தீர்ந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போடலாம். மறுபடி தீர்ந்தால் மறுபடி மாற்றலாம். சார்ஜே ஏற்ற வேண்டாம் என்பது அவர் கணக்கு.

இந்த எண்ணம் அவருக்கு முத்துச் சிலாபத்தில் வந்தது. இருபத்தெட்டில் நடந்த முத்துக்குளிப்பில், சிப்பி கழுவும் கொட்டகையில் வேலை பார்த்தவர். அழுகிய சிப்பியைக் கழுவிப் பெரிய முத்தை எடுத்த பிறகு, அடியில் தங்கும் மணலை உலர்த்திச் சலிப்பார்கள். சாமையைவிடச் சின்ன முத்துகள் கிடைக்கும். அதற்குத் தூள் என்று பெயர். சலித்துப் போட்ட மணலை இன்னொருவர் வாங்கிச் சலிப்பார். அவருக்கும் தூள் கிடைக்கும். பொறியை அப்பா அப்படித்தான் பார்த்தார். இரண்டாவது பேட்டரியில் ஏறுவதையும் தூள் என்றே சொன்னார்.

"மணல்ல முத்து முன்னாலயே கிடக்குப்பா. காயில்ல நம்ம பேட்டரி போட்டதுதான் இருக்கும். அதுலயும் கம்பி சூடாகி ஒரு பங்கு போயிரும்" என்றேன்.

"மணல்ல இவ்வளவுதான் முத்துன்னு அளந்து போட்டவன் யாருலே?"

"யாருமில்ல."

"பொறவென்ன? இதுல மட்டும் அளந்தா போட்டிருக்கு?"



காயிலோடு அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததில் லாரிக்காரர்களின் பேட்டரிகள் வெளியே காத்துக் கிடந்தன. சிலர் வேறு கடைக்குப் போனார்கள். அம்மா தன் தம்பி வீரபாகுவிடம் சொன்னாள். மாமா கருப்பட்டி மண்டிக்காரர். மண்டியில் உட்கார நம்பிக்கையான ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

"அத்தான், இதைத் தூக்கிப் போட்டுட்டு மண்டிக்கு வாரும். எடை போட ஆளு வேணும்."

"மாப்ள, கருப்பட்டியைப் பாத்தாலே எனக்குத் தூக்கம் வரும்."

"அப்ப ஒரு பேச்சு. வைகாசி விசாகம் வரைக்கும் இந்த ரெண்டு பேட்டரியும் ஒண்ணை ஒண்ணு தாங்கி ஓடணும். ஓடுச்சுன்னா நான் வாயைத் திறக்கமாட்டேன். நின்னுச்சுன்னா விசாகத்துக்கு மறுநாளே கடையை மவன் பாக்கட்டும், நீரு தராசைப் பிடியும்."

அப்பா கையில் அடித்துச் சத்தியம் செய்தார். அவரை மண்டியில் உட்காரவைப்பது மீனைக் கூடையில் வைப்பது மாதிரி.

யாரும் கள்ளத்தனமாகச் சார்ஜ் ஏற்றக்கூடாதென்று மாமா இரண்டு பேட்டரிகளுக்கும் முத்திரை வைத்தார். அரக்கு கிடைக்கவில்லை. மண்டிக்காரர் அல்லவா, கருப்பட்டியைக் காய்ச்சிக் கெட்டிப் பாகாக்கி, கம்பி முடிச்சுகளின் மேல் ஊற்றினார். இடம் மாற்றும்போது ஸ்விட்ச் மட்டும் திருப்பினால் போதும். முடிச்சில் கை வைக்க வேண்டாம். மறுநாளே எறும்பு வந்துவிட்டது. பாகைத் தின்ற எறும்புகள் பாயிண்டுக்கு நடுவில் போய் மாட்டிக்கொண்டன. காயில் விக்கி விக்கி ஓடியது.

"எறும்பு தின்ன கணக்கையும் சேத்துக்கிடணும் மாப்ள" என்றார் அப்பா.

சேர்த்தும் பலனில்லை. இடம் மாற்றும் ஒவ்வொரு தடவையும் ஓட்டம் குறைந்தது. விசாகத்துக்கு இன்னும் நாள் இருக்கும்போதே ஒரு காலையில் இரண்டு பேட்டரிகளும் சேர்ந்து படுத்துவிட்டன. அப்பா பாயிண்டைத் தொட்டுப் பார்த்தார். முத்திரையில் மிச்சமிருந்த பாகைச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டார்.

"கருப்பட்டி நல்லாத்தான் இருக்கு. பழகிக்கிட வேண்டியதுதான்."

சிரித்துக்கொண்டே சொன்னார். அன்று அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் மேஜையைக் காலி செய்தோம். இரண்டாவது பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்தேன். காயிலை வாங்குவதாகச் சொன்ன ஓர் ஆளுக்கு ஓட்டிக் காட்ட, அப்பா வேறு பேட்டரி ஒன்றில் அதை இணைத்திருந்தார். அது பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. காப்பி கொண்டுவந்த அம்மா டம்ளரை வைக்க இடம் தேடி, கண்டன்சரைக் கையால் ஒதுக்கினாள்.

டம்ளர் கூரையில் பட்டது. காப்பி என் தலையில்.

"ஐயையோ! இது பேட்டரியா, நட்டுவாக்காலியா? என்ன கடி கடிக்கி!"

"ஏளா முத்துக்கனி, அது ஆறு வோல்ட்டு. கடிக்காது."

"நீங்க தொட்டுப் பாருங்களேன்!"

அப்பா தொட்டார். அவரும் கத்தினார். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டாவது பேட்டரி இருந்தவரை உதையெல்லாம் அதற்குள் அடங்கி, அதன் வோல்ட்டுக்கு மேல் ஏறாமல் நின்றது. அதைக் கழற்றியதும் உதைக்குப் போக்கிடமில்லை. கண்டன்சர் நிரம்பிக்கொண்டே போனது. மீட்டரை வைத்தேன். முள் இருநூறைத் தாண்டியது.

அலமாரிக்கு அடியில் காயல்பட்டினம் முஹ்யித்தீன் காக்காவின் ரேடியோ கிடந்தது. கொழும்புக்குத் தோணி அனுப்பும் வியாபாரி அவர்; காக்கா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். அந்த ரேடியோவுக்குத் தொண்ணூறு வோல்ட் உலர் பேட்டரி வேண்டும். சண்டைக் காலத்திலிருந்தே அது எங்கும் கிடைக்கவில்லை. கண்டன்சரிலிருந்து ரேடியோவுக்குக் கம்பி இழுத்தேன். பாரம் ஏறியதும் முள் இறங்கித் தொண்ணூறுக்குப் பக்கத்தில் நின்றது. வால்வு சூடாகி, யாரோ ஆலாபனை செய்தார்கள். கூடவே பாயிண்டின் இரைச்சலும்.

புதிதாக எதையும் நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. மோட்டார் கார் ரேடியோவில் இந்த ஏற்பாடு முன்பே உண்டு. பட்டாளத்தில் நானே கழற்றியிருக்கிறேன். அப்பாவிடம் சொன்னேன்.

"பொறவு ஏம்லே இவ்வளவு நாள் பேசாம இருந்த?"

"நீங்க ரேடியோன்னா கேட்டீங்க? ஓயாத பேட்டரின்னுல்லா கேட்டீங்க!"

காக்கா வந்து காதை வைத்துக் கேட்டார்.

"பாட்டு நல்லாருக்கு நயினாரு. கூடப் பாடுத வண்டு எந்த ஊரு?"

"அது ஒத்து, காக்கா. நாதஸ்வரம்னா ஒத்து இருக்கும்லா?"

பிறகு காயிலைப் பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடினேன். ஒத்து அடங்கியது.

ஆனால் சத்தியம் சத்தியம்தான். விசாகத்துக்கு மாமா குடும்பத்தோடு திருச்செந்தூர் போய் வந்தார். மறுநாள் அப்பா குளித்து, திருநீறு பூசி, ஓட்டை குறைந்த வேட்டியாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு மண்டிக்குப் போய்த் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

காக்கா வாய் சும்மா இருக்குமா? காயல்பட்டினத்திலும் கீழவைப்பாரிலும் ஊமையாகக் கிடந்த ரேடியோக்கள் எல்லாம் வில்வண்டியில் வந்துசேர்ந்தன. கடையில் நான் இருந்தேன். அவர்களுக்கு நயினார்தான் வேண்டுமாம். மண்டிக்குப் போனார்கள். கருப்பட்டிச் சிப்பத்தின் மேலெல்லாம் ரேடியோ. எறும்புகள் பெட்டிக்குள் குடியேறின. அப்பா எடைக்கல்லைத் தராசில் வைத்துவிட்டுக் காயில் சுற்றிக்கொண்டிருந்தார்.

மதியத்துக்குள் மாமா கையெடுத்துக் கும்பிட்டார்.

"அத்தான், கருப்பட்டி வாங்க வாரவன் நிக்க இடமில்ல. நீரு சத்தியத்தைக் காப்பாத்தியாச்சு. எந்திச்சுப் போரும்."

"நெசமாத்தான் சொல்லுதியா மாப்ள?"

"இந்த எறும்பையும் கூட்டிக்கிட்டுப் போரும்!"

அவர் ஓடி வந்ததாக அம்மா சொல்வாள். நான் பார்த்தேன். நடந்துதான் வந்தார், ரொம்ப வேகமாக.

ஓயாத பேட்டரி கிடைக்கவில்லை. ரேடியோவை ஓட்டும் பேட்டரியும் தீரும். தீர்ந்தால் சார்ஜ் ஏற்ற எங்கள் கடைக்குத்தான் வர வேண்டும். கடை நிலைத்து நின்றது அப்படித்தான்.

ஆனாலும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ரேடியோவுக்குச் செய்த ஒவ்வொரு காயில் பெட்டியிலும் பாயிண்டிலிருந்து ஒரு சிவப்புக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எதிலும் சேராது. எதற்கு என்று கேட்டால், "தூளுக்கு" என்பார். அது ஒன்றுக்கும் உதவாது என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன். "இருக்கட்டும்லே" என்பார்.

நேற்று காக்கா தன் ரேடியோவைக் காயில் பெட்டியோடு கொண்டுவந்தார். பாயிண்ட் தேய்ந்திருந்தது. மாற்றினேன். கழற்றும்போது சிவப்புக் கம்பி அறுந்துவிட்டது.

புதுக் கம்பி வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தேன்.