ரப்பர் மரத்தில் இடி விழாது

மேலே தலைப்பில் இருப்பது பொய். அதைச் சொன்னவள் நான்.

எழுபதுகளின் தொடக்கம். இலங்கையில் தோட்டங்களை அரசாங்கம் எடுப்பதற்குக் கொஞ்சம் முந்திய காலம். இரத்தினபுரிப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் பள்ளிக்கூட டீச்சர். பெரிய படிப்பெல்லாம் இல்லை. டவுனில் பத்தாம் வகுப்புவரை படித்து விஞ்ஞானத்தில் பாஸ் பண்ணியிருந்தேன், அவ்வளவுதான். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் எங்கள் லயத்தில் அதுவரை யாரும் அந்தப் பாடத்தில் பாஸ் பண்ணியதில்லை என்பதால் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டினாள், அப்பா ஸ்டோரில் ரப்பர் ஷீட் உருட்டினார், நான் மட்டும் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். யார் எதைக் கேட்டாலும் 'தெரியாது' என்ற சொல் என் வாயில் வராது. வந்தால் மானம் போய்விடும் என்று நினைத்த முட்டாள் நான்.

கேட்கிறவள் ஒருத்திதான். ஐந்தாம் வகுப்புவரை என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவள். அவள் அம்மா படுக்கையில் விழுந்ததும் படிப்பை விட்டுவிட்டுப் பால் வெட்டப் போனாள். எதைப் பார்த்தாலும் அவளுக்கு ஒரு 'ஏன்' வரும். அந்தி நேரத்தில் தண்ணீர் பிடிக்க, மலைத் தண்ணீர் விழும் பீலிக்குப் போனால் எனக்காகவே காத்திருப்பாள்.

"விடியக்கால வெட்டுனா பாலு தாராளமா ஓடுது. வெயில் ஏறுனதும் நின்னு போகுதே, ஏன் டீச்சர்?"

இன்னொரு நாள், மரத்தின் வெட்டில் காய்ந்து கிடந்த ஒட்டுப்பாலை நாடாபோல உரித்துக் கொண்டுவந்தாள். அதை வெடுக்கென்று இழுத்து என் உதட்டில் வைத்தாள். "சுடுது பாருங்க. இழுத்தா ஏன் சுடுது?" உண்மையிலேயே சுட்டது. ஏனென்று எனக்குச் சுத்தமாகத் தெரியாது. "உராய்வு" என்றேன். "எதோட எது உராயுது?" என்றாள். "அதெல்லாம் ஒனக்கு வெளங்காது" என்று சொல்லிக் குடத்தைத் தூக்கிக்கொண்டேன்.

சின்ன வயதில் வாடி போடி என்று பேசிக்கொண்டவர்கள் நாங்கள். நான் டீச்சர் ஆனபிறகு அவள் 'நீங்க' போட ஆரம்பித்தாள். அது வேண்டாமென்று நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

பங்குனி, சித்திரையில் எங்கள் பக்கம் மத்தியானத்துக்கு மேல் இடி இறங்கும். வானம் இருண்டால் தோட்டத்து ஆட்களுக்கு ஒரே பழக்கம்தான். கத்தி, வாளி, விறகுக்கட்டு, எது கையில் இருந்தாலும் அந்த இடத்திலேயே போட்டுவிட்டு, அர்ச்சுனன் பேரைச் சொல்லிக்கொண்டு மலையை விட்டு லயத்துக்கு ஓடிவருவார்கள். மரத்தடியில் ஒருத்தரும் ஒதுங்கமாட்டார்கள். கங்காணி தொண்டை கிழியக் கத்தினாலும் நிற்கமாட்டார்கள்.

ஒரு நாள் அப்படி ஓடிவந்தவர்கள், பத்துப் பதினைந்து பெண்கள், தொப்பலாக நனைந்து என் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் ஏறினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது.

"எதுக்கு இப்படி விழுந்தடிச்சு ஓடியாறீங்க? ரப்பர்ல கரண்ட் போகாது. ஸ்டோர்ல வயருக்கு மேல ரப்பர் சுத்தியிருக்கே, எதுக்கு? மின்னலும் கரண்ட்தான். ரப்பர் மரத்துல இடி விழாது. நீங்க பாட்டுக்கு அங்கயே நிக்கலாம்."

ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது என்று புத்தகத்தில் ஒரு வரி இருந்தது மெய்தான். மரத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. மிச்சம் முழுவதும் என் சொந்தச் சரக்கு.

அவள்தான் கேட்டாள். "அது காஞ்ச ரப்பர் டீச்சர். மரத்துக்குள்ள இருக்கிறது பச்சப் பாலுதானே, தண்ணி மாதிரி ஓடுது. ஈரத்துல கரண்ட் பாயும்னு நீங்கதானே சொன்னீங்க?"

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கேள்வி நியாயமானது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது, அதுதான் இன்றைக்கும் அறுக்கிறது. "அஞ்சாம் வகுப்போட நின்னவங்கள்ளாம் புத்தகத்தத் திருத்தக் கெளம்பிட்டாங்க" என்றேன். தாழ்வாரமே சிரித்தது. அவளும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

இரண்டு வாரம் போயிருக்கும். மலையில் அவளும் இன்னும் இரண்டு பெண்களும் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தபோது வானம் கட்டிக்கொண்டு வந்தது. மற்ற இருவரும் விறகைப் போட்டுவிட்டு ஓடினார்கள். "நில்லுங்க, டீச்சர் சொன்னாங்கல்ல" என்று கூப்பிட்டாளாம். அவர்கள் நிற்கவில்லை. அவள் ஒரு ரப்பர் மரத்தடியில் நின்றாள். அந்த மரத்தில்தான் இடி விழுந்தது. பட்டை உச்சியிலிருந்து அடிவரை உரிந்து போயிருந்தது. இருபதடி தள்ளி அவள் கிடந்தாள். தோட்டத்து லொறியில் இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். தோளிலிருந்து இடுப்புவரை தீக்காயம். இரண்டு காதும் போய்விட்டன.

சேதி வந்தபோது நான் பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். எனக்குப் பயம் பிடித்தது. அவள் செத்துவிடுவாளோ என்ற பயமா, நான் சொன்னது வெளியே வந்துவிடுமோ என்ற பயமா என்று கேட்டால், இரண்டும்தான். எது முதலில் வந்தது என்று சொல்ல நாக்கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பார்க்கப் போனேன். அவளுக்குக் காது கேட்காது, ஆனால் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். அதனால் ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துப் போனேன். 'நான் சொன்னது தப்பு, நீ கேட்டதுதான் சரி' என்று எழுதிக் காட்டுவது என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

என்னைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. தன் குரல் தனக்கே கேட்காததால் வார்டு முழுக்கக் கேட்கப் பேசினாள். "டீச்சர், வேற மரமா இருந்திருந்தா நான் கரிக்கட்டதான். ரப்பர் மரமா இருக்கப்போயி உசுரு தப்புச்சு. பாக்க வந்தவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டேன்."

"ஹய்யென் கதா கரன்ன எப்பா" என்று நர்ஸ் சிங்களத்தில் அதட்டினாள், சத்தம் போடாதே என்று. அது அவளுக்குக் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே, நான் கட்டிலில் வைத்த கொப்பியை என் பக்கம் தள்ளினாள். நான் பென்சிலை எடுத்து எழுதினேன். 'ஒடம்பப் பாத்துக்க. மருந்த ஒழுங்காக் குடி.'

அவள் பிழைத்து வந்ததே என் பொய்க்குச் சாட்சியாகிவிட்டது. இடி விழுந்தும் சாகவில்லை, ரப்பர் மரம் காப்பாற்றிவிட்டது என்று லயமெல்லாம் பேச்சு. டீச்சர் சொன்னது சத்திய வாக்கு என்றார்கள். நான் வாய் திறக்கவில்லை. மறுக்காமல் இருப்பது பொய் சொல்வது ஆகாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஐப்பசியில் மறுபடியும் இடி தொடங்கியது. பள்ளிக்கூட ஜன்னலால் மலையைப் பார்த்தேன். ஒருத்தரும் ஓடிவரவில்லை. மரத்துக்கு மூன்று பேர், நான்கு பேராக ஒதுங்கி நின்றார்கள். மாசமாக இருந்த ஒருத்தி மரத்தில் நன்றாக முதுகைச் சாய்த்து நின்றாள். நான் மழையில் இறங்கி, வாங்க வாங்க என்று கத்தினேன். யாருக்கும் கேட்கவில்லை. ஒருத்தி கையை ஆட்டிச் சிரித்தாள். அன்றைக்கு இடி வேறெங்கோ விழுந்தது. அது என் கெட்டித்தனம் இல்லை.

இனியும் சும்மா இருந்தால் நான் மனுஷியே இல்லை என்று அன்று அந்திக்குப் பீலிக்குப் போனேன். எல்லாரும் இருந்தார்கள், அவளும் இருந்தாள். என் குடத்தைப் பீலிக்கு அடியில் வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினேன். உண்மை வாய்வரைக்கும் வந்தது. வெளியே வந்தது வேறு.

"இனிமே மழை நேரத்துல ரப்பர் மரத்தடியில நிக்காதீங்க. புதுப் புத்தகம் வந்திருக்கு. அதுல மாத்தி எழுதிட்டாங்க."

"அப்படியா டீச்சர், சரிங்க" என்றார்கள். அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது.

அவள் என் முந்தானையை இழுத்தாள். "என்னா சொன்னீங்க? எழுதிக் காட்டுங்க." நான் கையோடு கொண்டுபோயிருந்த கொப்பியில் அதையே எழுதிக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தாள். பிறகு அந்த உரத்த குரலில் கேட்டாள், "புத்தகத்த மாத்துனது இடிக்கு எப்படி டீச்சர் தெரியும்?"

எல்லாருக்கும் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. நான் அவள் கையிலிருந்து கொப்பியைப் பிடுங்கி, 'நான் சொன்னதுதான் தப்பு. புத்தகம் ஒண்ணும் மாறல. என்ன மன்னிச்சிரு' என்று எழுதி நீட்டினேன். படித்தாள். முகத்தில் கோபம் ஒன்றும் தெரியவில்லை. கொப்பியை மூடி என்னிடமே திருப்பித் தந்தாள்.

"எனக்கு எதுக்கு எழுதிக் காட்டுறீங்க? அவங்ககிட்ட வாயால சொல்லுங்க. அவங்களுக்குக் காது கேக்குதுல்ல."

பெண்கள் குடங்களைக் கீழே வைத்துவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் குடம் பாதிதான் நிறைந்திருந்தது. அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நான் லயத்துக்கு நடந்தேன்.