பதிவான கார்

விஜேந்திரன் மாஸ்டருக்குத் தமிழில் தெரியாத சொல் கிடையாது என்று தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் காப்பாற்றத்தான் மனுஷன் இரண்டு காலையும் பறிகொடுத்தார்.

தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து தமிழாசிரியரானவர். பயிற்சிக் கலாசாலைக்குப் போன முதல் வாரத்தில், யாழ்ப்பாணத்துச் சக மாணவன் ஒருவன் நாரி நோகுது என்று முனகினான். அவர்கள் ஊரில் நாரி என்றால் இடுப்பு. நம்மவருக்குத் தெரிந்ததோ செய்யுளில் படித்த நாரி, அதாவது பெண். யாருங்க அந்தப் பொண்ணு, அதுக்கு என்ன நோவு என்று அக்கறையாக விசாரித்தார். விடுதியே விழுந்து விழுந்து சிரித்தது. தோட்டக்காட்டானுக்கு எதற்குத் தமிழ் வாத்தியார் வேலை என்று ஒருவன் கேட்டான். இரண்டு வருஷமும் அவருக்கு ‘நாரி மாஸ்டர்’ என்றே பெயர். இனி எவனிடமும் எந்தச் சொல்லுக்கும் அர்த்தம் கேட்பதில்லை என்று அன்றைக்கு வைராக்கியம் கொண்டார்.

பிறகு பத்தொன்பது வருஷம், தெமோதரையிலிருந்து அப்புத்தளைக்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வந்தார். வளைவுக்கு வளைவு இடுப்பில் இடி. 2004இல் ஒருநாள் குனிந்தவர் நிமிர முடியாமல் போகவே, பதுளையில் டாக்டர் தனேஸ்வரனிடம் போனார். டாக்டர் யாழ்ப்பாணத்தவர். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“உங்கட நாரிக்கு இனி பஸ் சரிவராது. கார் ஒண்டு பாருங்கோ. ஆனா பதிவான காரா எடுத்துப் போடாதேங்கோ. பிறகு கால் விளங்காமப் போயிடும்.”

நாரி புரிந்ததில் மாஸ்டருக்கு ஒரே பூரிப்பு. அந்தப் பூரிப்பில் மற்றச் சொல்லை நழுவ விட்டார். யாழ்ப்பாணத்தில் பதிவு என்றால் தாழ்வு. நிலத்தோடு ஒட்டிய கார் வேண்டாம் என்றார் டாக்டர். மாஸ்டருக்குத் தெரிந்த பதிவு, கந்தோரில் புத்தகத்தில் எழுதி நம்பர் கொடுக்கிற பதிவு. ஏற்கெனவே பதிந்து நம் ரோட்டுக் குழிகளில் ஓடியதென்றால் ஸ்பிரிங் செத்திருக்கும், ஜப்பானில் ஓடிவிட்டு இறங்கிய, இன்னும் நம்பர் விழாத காராக இருந்தால் இடுப்புக்கு நல்லது என்று தானே ஒரு நியாயமும் கட்டிக்கொண்டார். ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பதுளையில் கார் தரகு பார்த்த றவூப் நல்ல மனிதர். உயரமான பழைய கார் ஒன்றைக் காட்டினார். குனியாமல் ஏறலாம், நாற்காலியில் உட்காருவது போல நிமிர்ந்து உட்காரலாம். மாஸ்டர் அதை ஓட்டிக்கொண்டு அப்புத்தளை வரை போய்த் திரும்பினார். இடுப்பு வாய் திறக்கவில்லை. பல வருஷத்தில் அப்படி ஒரு பயணம் அவருக்கு வாய்த்ததே இல்லை. இறங்கி வந்து, இது பதிந்த வண்டிதானே என்று கேட்டார். ஆமாம் என்றதும் வேண்டாம் என்றுவிட்டார். றவூப் தலையைச் சொறிந்துகொண்டு, நம்பர் விழாத வண்டி ஒன்றே ஒன்று இருக்கிறது, ஆனால் விலை அதிகம், ஆசனமும் தரையோடு கிடக்கிறது என்றார். பரவாயில்லை என்றார் மாஸ்டர்.

அந்த அதிகத்தைக் கொடுத்தவள் மனைவி ஜெயலெட்சுமி. கொழுந்து பறிக்கிறவள். ஐம்பது வயது முடிந்த கையோடு தோட்டத்தில் வேலையை விட்டுப் பேரை வெட்டிக்கொண்டு, முப்பது வருஷத்துச் சேமலாப நிதியை முழுதாக எடுத்துக் கொடுத்தாள். “ஒங்க இடுப்பு நல்லா இருந்தா போதுங்க” என்று மட்டும் சொன்னாள்.

முதல் நாளே காரிலிருந்து அவரைக் கையைப் பிடித்து இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. பழகினால் சரியாகும் என்றார். ஏழு மாதம் பழகினார். ஒரு மழைநாள் பள்ளிக்கூட வாசலில் ஒரு காலை வெளியே வைத்து, உடம்பைத் தூக்கி எழும்பப் பார்த்தார். உள்ளே ஏதோ நழுவியது. கால்கள் யாரோ ஒருத்தருடையவை போலக் கிடந்தன.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே டாக்டர் கோபத்தோடு நின்றார். “பதிவான கார் வேண்டாம் எண்டு சொன்னனான் எல்லே? நிலத்தோட கிடக்கிற காரை ஏன் எடுத்தனீங்கள்?”

அப்போதுதான் மாஸ்டருக்கு விளங்கியது. விடுதிச் சிரிப்பு முழுவதும் காதில் வந்து விழுந்தது. பக்கத்தில் ஜெயலெட்சுமி சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புரியவில்லை டாக்டர் என்று சொன்னால் தீர்ந்தது. இரண்டே வார்த்தை.

“தெரிஞ்சுதாங்க வாங்கினேன்” என்றார் மாஸ்டர். “பாக்க அழகா இருந்திச்சு.”

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். கால் திரும்பவில்லை. ஜெயலெட்சுமி திரும்பவும் அன்றாடக் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போனாள். ஒரு விடியற்காலை அவருக்குக் கால் துடைத்துக்கொண்டிருந்தவள், துடைப்பதை நிறுத்தாமலே கேட்டாள்: “மெய்யாவே தெரிஞ்சுதான் வாங்கினீங்களா?”

பாவி மனுஷன், அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள் அவரை ஒருநாளும் எதற்கும் கேலி செய்து சிரித்தவள் இல்லை.

“ஆமா” என்றார்.

அவள் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். அதற்குப் பிறகும் துடைக்கிறாள், திருப்பிப் படுக்க வைக்கிறாள், நேரத்துக்குச் சோறு வைக்கிறாள். பேசுவது மட்டும் இல்லை.