எங்கள் ஊட்டில் நடந்த ஆடிட்

பிள்ளைகளைப் பெற்றவர்களிடமிருந்து அரசாங்கம் கூட்டிக்கொண்டு போகலாமா? இதற்குச் சட்டப்படி பதில் சொல்ல எனக்குத் தெரியாது, எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். ஆனால் எங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதா வேண்டாமா என்று பார்க்க ஒரு ஆபீசர் அம்மா எங்கள் ஊட்டுக்கே வந்தார். அதை உங்களுக்குச் சொல்கிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறேன். வீட்டுக்காரி அதே கம்பெனியில் செக்கிங். மூலனூர்ப் பக்கமிருந்து வந்து லைன் வீட்டில் குடியிருக்கிறோம். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு, ஒரு ஜன்னல். மகள் ஐந்தாவது, மகன் ஒன்றாவது. சனிக்கிழமை பள்ளிக்கூடம் லீவு. கம்பெனி லீவு இல்லை. வாசலை ஒட்டி லாரி போகிற ரோடு. அதனால் சோறு, தண்ணி எல்லாம் எடுத்து வைத்து, டிவியைப் போட்டுவிட்டு, வெளியே பூட்டிக்கொண்டு போவோம். பிள்ளைகள் பத்திரமாக இருக்கிறார்கள் என்று நானும் நிம்மதியாகப் பெட்டி ஒட்டுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை போன் வந்தது. குழந்தைகள் பாதுகாப்பு ஆபீஸ் என்றார்கள். "உங்க பிள்ளைங்களைப் பத்தி ஒரு புகார் வந்திருக்கு. ஞாயித்துக்கிழமை நேர்ல வர்றோம். தேவைன்னா காப்பகத்துல வைக்க வேண்டியிருக்கும்." என்ன புகார் என்று நான் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார்கள்.

வீட்டுக்காரி அழுதாள். எனக்கு ஆடிட் ஞாபகம் வந்தது. வெளிநாட்டில் துணி வாங்குகிறவர்கள் கம்பெனி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஆள் அனுப்புவார்கள். அதுதான் ஆடிட். முந்தின நாளே தரையில் மஞ்சள் கோடு புதிதாக அடிப்போம். கதவுக்கு மேல் பச்சை அம்புக்குறி ஒட்டுவோம். என்ன கேட்டால் என்ன சொல்வது என்று எல்லோருக்கும் பாடம் நடக்கும். எங்கள் கம்பெனி இதுவரைக்கும் ஃபெயில் ஆனதில்லை. ஆபீசர் வந்தால் சமாளிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான்.

சனிக்கிழமை இரண்டு பேரும் லீவு போட்டோம். நான் அடுப்படியிலிருந்து வாசல் வரை மஞ்சள் கோடு அடித்தேன்.

"ஏனுங்க, நாலு எட்டு வெச்சா ஊடு முடிஞ்சு போகுது. இதுல கோடு எதுக்குங்க?"

"நடக்கற வழி தனியா, சாமான் வெக்கற எடம் தனியாத் தெரியோணும்."

"அப்பக் கட்டல எங்கீங்க போடறது?"

கட்டில் கோட்டின் மேல்தான் இருந்தது. அதைத் தூக்கிச் சுவரோரம் நிறுத்தினோம். கதவுக்கு மேல் பச்சை அம்புக்குறி ஒட்டினேன். குடத்தில் 'குடிநீர்' என்று எழுதி ஒட்டினேன். கம்பெனியில் கத்தரிக்கோலை மேஜையோடு கயிறு போட்டுக் கட்டியிருப்பார்கள். அதே மாதிரி அருவாமனையைச் சமையல் மேடையோடு கட்டினேன். வீட்டுக்காரி நின்றுகொண்டே வெங்காயம் அரிய முயன்று பார்த்தாள். பிறகு அன்றைக்கு ரசம் போதும் என்று சொல்லிவிட்டாள்.

பிள்ளைகளுக்கும் பாடம் எடுத்தேன். எனக்குத் தெரிந்த கேள்வி பதில் கம்பெனியினுடையது. அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆபீசர் அம்மா வந்தார். செருப்பைக் கழற்றும்போதே என் மகன் குறுக்கே நின்று, "மேடம், பேக்கைத் தொறந்து காட்டுங்க" என்றான். இதை நான் சொல்லித்தரவில்லை, கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் செய்வதைப் பார்த்து வைத்திருக்கிறான். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திறந்து காட்டினார். "போலாமுங்க" என்று வழி விட்டான்.

அவர் மகளைக் கேட்டார். "அப்பா அடிப்பாரா கண்ணு?"

"அடிக்க மாட்டாருங்க. தகாத வார்த்தை பேச மாட்டாருங்க. பாத்ரூம் போகத் தடை இல்லீங்க."

"இங்க இருக்கப் பிடிச்சிருக்கா?"

"என் சொந்த விருப்பத்துலதானுங்க இருக்கேன். முன்கூட்டியே சொல்லிட்டு எப்ப வேணும்னாலும் நின்னுக்கலாமுங்க."

"இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லிக் குடுக்கலீங்க." அதுவும் பாடத்தில் இருந்ததுதான்.

ஆபீசர் அம்மாவின் முகம் மாறிவிட்டது. எங்கள் இருவரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் உள்ளே பார்த்தோம். வீட்டுக்காரி என் காதில், "கூட்டிட்டுப் போனாங்கன்னா நானும் அந்தக் காப்பகத்துக்கே போயிருவேனுங்க. நீங்க கோட்டு மேல நடந்துட்டு இருங்க" என்றாள்.

உள்ளே அவர் பச்சை அம்புக்குறியைக் காட்டி, "இது எதுக்கு?" என்று கேட்டார்.

"தீப் பிடிச்சா இந்த வழியாப் போகோணுங்க."

"கதவு பூட்டியிருந்தா?"

மகள் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். அந்தக் கேள்வி பாடத்தில் இல்லை. மகன்தான் பதில் சொன்னான். "அப்பா வந்து தொறக்கற வரைக்கும் உள்ளேயே இருப்போமுங்க."

ஆடிட்டில் முதலில் பார்ப்பதே கதவு திறந்திருக்கிறதா என்பதைத்தான். வருஷக்கணக்காகக் கம்பெனிக் கதவை நான்தான் திறந்து காட்டியிருக்கிறேன்.

கதவைத் திறந்ததும் கேட்டேன். "கூட்டிட்டுப் போயிருவீங்களாங்க?"

"அடி, பட்டினி, தப்பான ஆளுங்க வந்து போற வீடு, இல்லைன்னா எத்தனை சொல்லியும் கேக்காத பெத்தவங்க. அங்கெல்லாம் பிள்ளையை ஒரு ராத்திரிகூட விட்டு வைக்க மாட்டேன். அழுதாலும் தூக்கிட்டு வருவேன். வறுமைக்கும் கிறுக்குத்தனத்துக்கும் தூக்க ஆரம்பிச்சா இந்த ஊர்ல காப்பகம் பத்தாது." மஞ்சள் கோட்டைப் பார்த்துக்கொண்டேதான் இதைச் சொன்னார். "பிள்ளைங்க நல்லாத்தான் இருக்காங்க. ஆனா அடுத்த சனிக்கிழமை வருவேன். பூட்டு தொங்கிச்சுன்னா நீங்களும் சொல்லியும் கேக்காத ஆளுதான்."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அடி வாங்குகிற பிள்ளையால் உள்ளேயிருந்து கதவைத் திறந்துகொள்ள முடியாது. வெளியேயிருந்து ஒருத்தர் வந்துதான் திறக்க வேண்டும். அப்படி யாராவது வந்து கேட்டால், நீங்கள் மனப்பாடம் செய்ததைச் சொல்லாதீர்கள். நடப்பதைச் சொல்லுங்கள்.

சனிக்கிழமைக்கு ஆள் வேண்டுமே. எதிர் வீட்டில் ஒரு அக்கா இட்லிக் கடை வைத்திருக்கிறார், திருநெல்வேலிப் பக்கம். நாள் முழுக்க வீட்டில்தான் இருப்பார். தயங்கித் தயங்கிப் போய் விஷயத்தைச் சொன்னேன். மாவு கரைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அந்த ஆபீசுக்குப் போன் போட்டதே நாந்தான் அண்ணாச்சி."

நான் திரும்பி எங்கள் ஜன்னலைப் பார்த்தேன்.

"சின்னவன் கம்பியப் பிடிச்சிட்டு நிக்கத எத்தன வாட்டி பாக்க? பூட்டாதீங்க, நான் பாத்துக்கிடுதேன்னு உங்ககிட்ட சொல்லத்தான் செஞ்சேன். சிரிச்சிட்டே சரீங்க, சரீங்கன்னு கும்பிட்டுட்டுப் போயிட்டீக. மறுவாரமும் பூட்டுதான்."

அவர் சொன்னது உண்மை. எங்கள் பக்கத்தில் யார் என்ன சொன்னாலும் மரியாதைக்குச் சரீங்க என்று சொல்வது வழக்கம். அதை அவர் நிஜமென்று எடுத்துக்கொண்டார்.

"இனிமேப் பூட்டலீங்க. பிள்ளைங்களைப் பாத்துக்குவீங்களாங்க?"

"பாத்துக்கிடுதேன். ஆனா உங்க வாய்ப்பேச்சு எனக்கு வேண்டாம். பூட்ட எடுத்துட்டு வாங்க."

வீட்டுக்குப் போய்ப் பூட்டையும் சாவியையும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். அவர் எடை பார்ப்பது போலத் தூக்கிப் பார்த்துவிட்டு, தன் கடை வாசலில் இருந்த கேஸ் சிலிண்டரைச் சங்கிலியோடு சேர்த்துப் பூட்டினார்.