சிவக்காத ஆரத்தி

என் ஓரகத்தி ரேணுகாதேவியைக் கட்டிப்போட்டாலும் அவள் கை சும்மா இருக்காது. ஓட்டப்பிடாரத்துக்காரி. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு என் கொழுந்தன் ஜெயபாண்டிக்கு வாழ்க்கைப்பட்டுப் பசுவந்தனைக்கு வந்தாள். வந்த வேகத்தில் தெருப்பிள்ளைகளைக் கூட்டிவைத்து ஞாயிறுதோறும் சோதனை செய்து காட்டத் தொடங்கிவிட்டாள். வாங்கி வைத்த சோடா மாவைக் காணோம் என்று தேடினால், பாட்டில் வாயில் மாட்டிய பலூன் உப்பிக்கொண்டிருக்கும். காய்ந்த கரிசல் மண்ணை கிளாஸில் பாதி போட்டுத் தண்ணீர் ஊற்றி, மண் ஊறி உப்புகிறதைப் பார்க்க என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். எனக்கோ உலையில் அரிசி கிடக்கும். பற்றிக்கொண்டு வரும்.

இந்தக் கூத்தெல்லாம் என் மகள் பொன்மணிக்கு உயிர். கோவில்பட்டியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். வந்த மாப்பிள்ளை வீட்டார், தை மாதம் கல்யாணம், அதோடு படிப்பை நிறுத்திவிட வேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டுக்காரர் சரியென்று தலையாட்டிவிட்டார். பிள்ளை சோறு இறங்காமல் அழுதாள். நல்ல இடம், வாயை மூடிக்கொண்டு கிட என்று நானும் அதட்டினேன். அதட்டினேனே தவிர, எனக்கும் தூக்கம் வரவில்லை. அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசி எனக்குப் பழக்கமில்லை.

நிச்சயத்தன்று வேன் வருவதற்குள் தெருவுக்கும் அடுப்படிக்கும் நடந்தே என் கால் ஓய்ந்தது. ரேணுகா ஆரத்தி கரைத்து வைத்தாள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து செக்கச்செவேல் என்றிருந்தது. அப்புறம் வேன் சத்தம் கேட்டுத் தட்டை எடுக்க ஓடினால், பட்டுச்சேலையோடு பொன்மணி அடுப்படியில் நிற்கிறாள். உள்ளே போ என்று விரட்டிவிட்டு, பதற்றத்தில் தண்ணீரைப் பார்க்காமலே தட்டை வாசலுக்குத் தூக்கி வந்தேன்.

மாப்பிள்ளையின் அத்தை பார்வதியம்மாள்தான் முதலில் பார்த்தாள். வெறும் மஞ்சள். சுண்ணாம்பு போட மறந்துவிட்டீர்களா என்று சிரித்துக்கொண்டே, வெற்றிலைத் தட்டிலிருந்து ஒரு விரல் சுண்ணாம்பை எடுத்துப் போட்டாள். போட்ட இடம் சிவந்தது. கலக்கினாள், மஞ்சளாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் போட்டாள். மறுபடி சிவந்து மறுபடி போய்விட்டது. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"செவப்பு நிக்க மாட்டேங்குதே. இது நல்லதுக்கில்ல" என்றாள்.

இதே வித்தையை ரேணுகா பிள்ளைகளுக்குச் செய்து காட்டியபோது நானும் நின்று பார்த்திருக்கிறேன். சிவந்த தண்ணீரில் எலுமிச்சையைப் பிழிந்தால் மஞ்சளாகிவிடும். அந்தப் புளிப்பு தீருகிற அளவுக்குச் சுண்ணாம்பு போட்டால்தான் சிவப்பு நிற்கும். யார் பிழிந்தது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ரேணுகா சுண்ணாம்பு டப்பாவோடு பக்கத்தில் வந்து நின்றாள். மொத்தத்தையும் தட்டில் கொட்டினால் காரியம் முடிந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். போடு என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. அவள் டப்பாவை மூடினாள்.

"நாந்தான் கரைச்சேன். ஏன் இப்படி ஆகுதுன்னு தெரியல அத்தான்" என்று எங்கள் வீட்டுக்காரரிடம் அழுத்தமாகப் பொய் சொன்னாள்.

வந்தவர்கள் வேன் பக்கம் போய்க் குசுகுசுத்தார்கள். இன்னொரு நாள் பார்ப்போம் என்று ஒருவாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஏறிவிட்டார்கள். இவர் கெஞ்சிப் பார்த்தார். நடக்கவில்லை. அந்தக் கோபமெல்லாம் ரேணுகா தலையில் விடிந்தது. இனிமேல் இந்த வீட்டில் பிள்ளைகளைக் கூட்டக் கூடாது, சோதனையும் கூடாது கீதனையும் கூடாது என்று தெருவே கேட்கும்படி சத்தம் போட்டார்.

நான் அடுப்படிக்கு ஓடினேன். பொன்மணி சுவரோடு ஒட்டி நின்றாள். விரலெல்லாம் மஞ்சள், எலுமிச்சை வாசம். ஓங்கி ஓர் அறை விடத்தான் போனேன். ஆனால் மனசுக்குள் என்னவோ நிம்மதியாக இருந்தது, பொய் சொல்வானேன். வெளியே அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"ஏட்டி, அப்பா வாராவ. சீக்கிரம் கையக் கழுவு" என்று சோப்பை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

பின்னாலேயே வந்த ரேணுகா அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சோப்பு வேண்டாங்க்கா. பட்டா மஞ்ச செவந்துரும். வெறும் தண்ணியில கழுவட்டும்."